தொட்டியில் மீன் சாகிறதா? பிழைத்த மீனை முதலில் பாருங்கள்

மீன் தொட்டியில் ஒரே நாளில் நாலைந்து மீன் மல்லாந்தால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். கடையில் கொடுத்த நீல மருந்தைக் கைக்கு வந்த அளவு ஊற்றுவார்கள். அது போதாதென்று முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள், கூழாங்கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். மறுநாள் மீதியும் செத்துப்போகும். "வீட்டுக்கு வரவேண்டிய கஷ்டத்தை மீன் வாங்கிக்கிச்சு" என்று யாராவது பெரியவர் ஆறுதல் சொல்ல, தொட்டி பரணுக்குப் போய்விடும்.

மீன் யாருடைய கஷ்டத்தையும் வாங்கிக்கொண்டு சாவதில்லை. அது எந்தத் தண்ணீரில் மூச்சு விட்டதோ, அந்தத் தண்ணீரில்தான் காரணம் இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் நோயால் சாகும் மீனைவிடத் தண்ணீரால் சாகும் மீன்தான் அதிகம். நம் காவிரிப் படுகையில் அந்தத் தண்ணீர் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதுமில்லை. ஒரு மாதம் நகராட்சிக் குழாய், ஒரு மாதம் போர்வெல், சில வீடுகளில் வாய்க்கால். அதனால் மருந்து பாட்டிலைக் கடைசியில் எடுங்கள். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் என்ன வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதல் அரை மணி நேரம்

தண்ணீரை மாற்றுவதற்கு முன் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலைத் தொட்டித் தண்ணீராலேயே இரண்டு முறை அலசிவிட்டு, விளிம்பு வரை நிரப்பி மூடி வையுங்கள். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது. இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்.

தொட்டிக்குள் கையை விடுவதற்கு முன் ஹீட்டர், ஃபில்டர், விளக்கு எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்குங்கள். விரிசல் விட்ட ஹீட்டரும், வயர் தேய்ந்த மோட்டாரும் தண்ணீரில் மின்சாரத்தை விடக்கூடும். மீனைவிட உங்கள் உயிர் பெரிது.

செத்த மீன்களை எடுத்துவிடுங்கள், ஆனால் தூக்கி எறியாதீர்கள். தீனியை நிறுத்துங்கள். பிளக்கை மாட்டி ஏர் பம்பை முழு வேகத்தில் விடுங்கள். கரண்ட் இல்லையென்றால் சொம்பால் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றுங்கள்.

பிறகு, ஒரு நாள் திறந்து வைத்திருந்த தண்ணீர் கைவசம் இருந்தால், தொட்டியில் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் மாற்றக் கூடாது. ஏன் என்று கீழே வருகிறேன்.

யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள்

எல்லாரும் செத்த மீனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உயிரோடு இருக்கும் மீன்தான் அதைவிட அதிகம் சொல்லும்.

மன்னார்குடியிலிருந்து என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, கோல்டு ஃபிஷ் மூணும் போயிடுச்சு. கௌராமி ரெண்டும் ஒண்ணும் ஆகாத மாதிரி சுத்துது." "ராத்திரி கரண்ட் போச்சாம்மா?" "ரெண்டு மணிக்குப் போச்சு, விடியறப்பதான் வந்துச்சு." அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. கௌராமியும் ஃபைட்டரும் மேலே வந்து காற்றையே நேரடியாக உறிஞ்சிக்கொள்ளக் கூடியவை. கோல்டு ஃபிஷ்ஷால் அது முடியாது. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் இந்த இரண்டும் தப்பித்து மற்றவை சாகும். அதிலும் பெரிய மீன் முதலில், சின்ன மீன் பிறகு. செத்த மீனின் வாய் அகலத் திறந்து, செவுள் மூடி விரிந்து நிற்கும். பெரும்பாலும் விடியற்காலையில் நடக்கும், ஏனென்றால் இரவில் செடியும் பாசியும்கூடப் பிராணவாயுவைத்தான் இழுக்கின்றன.

இதற்கு நேர்மாறாக, இறாலும் குட்டி மீனும் முதலில் செத்து, மீதி மீன்கள் துடித்துக்கொண்டு கண்ணாடியில் மோதினால், பூச்சிமருந்தைச் சந்தேகியுங்கள். நத்தைகள் மட்டும் கூண்டோடு போயிருந்தால் செம்பு கலந்த மீன் மருந்து ஏதும் ஊற்றினீர்களா என்று யோசியுங்கள்.

நேற்று வாங்கி வந்த மீன் மட்டும் செத்திருக்கிறதா? அது பெரும்பாலும் பயணத்தின் பலன். சென்னை கொளத்தூரிலிருந்து பிளாஸ்டிக் பையில் அடைபட்டு, பஸ்ஸில் வந்து, கடையில் ஒரு நாள் கூட நிற்காமல் உங்கள் வீட்டுக்கு வந்த மீன் அது. ஒரே இனம் மட்டும் ஒன்றிரண்டாகச் சாகிறதா? நோய் அல்லது சண்டை. வேறு வேறு இனமாக, இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று என்று போகிறதா? அம்மோனியா, அதாவது மீனின் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சு.

இவற்றை டெய்லி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எந்த மீன், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது, எந்தத் தண்ணீர், அந்த வாரம் வீட்டில் புதிதாக என்ன நடந்தது: பெயின்ட், கரையான் மருந்து, வெள்ளையடிப்பு, விருந்தாளிக் குழந்தைகள். பாதிக் காரணம் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

செவுளைத் திறந்து பாருங்கள்

செத்து ஓரிரு மணி நேரத்துக்குள் உள்ள மீனை வெள்ளைத் தட்டில் வைத்து, டியூப் லைட்டில் அல்லாமல் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். சின்னக் கத்தரிக்கோலின் முனையால் செவுள் மூடியைத் தூக்குங்கள். உள்ளே சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருப்பதுதான் செவுள். அது நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். காப்பிப் பொடி நிறத்துக்குப் பழுப்பேறியிருந்தால் நைட்ரைட் நஞ்சு: இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்துவிட்டது. செவுளின் மேல் கோழை திரண்டு, ஓரம் சிதைந்து வீங்கியிருந்தால் அம்மோனியா, குளோரின் அல்லது செவுள் ஒட்டுண்ணி. வெளுத்திருந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள், செத்து நேரமான எல்லா மீனின் செவுளும் வெளுக்கும்.

உடம்பில் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி, செதில் சிலிர்த்து வயிறு உப்பல், வாயைச் சுற்றிப் பஞ்சு போல வெள்ளை, துடுப்பு அரிப்பு ஆகியவையும் இருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைச் சோதியுங்கள்

முதலில் ஒரு விஷயம். ஆர்.ஓ. போடுபவரிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துத் தொட்டித் தண்ணீரை அளந்து "120தான் இருக்கு, நல்ல தண்ணி" என்று நிம்மதி அடைகிறார்கள். அந்த மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே காட்டும். அம்மோனியாவும் பூச்சிமருந்தும் மீனைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் அதில் தெரியாது. உங்களுக்குத் தேவை அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) மூன்றையும் பார்க்கும் சொட்டு மருந்துக் கிட். மீன் மருந்துக்குச் செலவழிப்பதை இதற்குச் செலவழியுங்கள். கிட் கிடைக்காவிட்டால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். நீங்கள் எடுத்து வைத்த அந்த ஒரு லிட்டர் பாட்டில் இங்கே உதவும். ஆனால் அன்றைக்கே கொடுக்க வேண்டும், நாள்பட்டால் அளவு மாறிவிடும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தாலும் பிரச்சினைதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறும் நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த பாக்டீரியா பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே இருபது மீனை விட்டால், இரண்டாவது வாரத்திலிருந்து வரிசையாகச் சாவதன் காரணம் இதுதான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலே 56 லிட்டர்தான் பிடிக்கும். கல்லைப் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் 45 லிட்டர் தேறும். அதில் கோல்டு ஃபிஷ் இரண்டே அதிகம்.

அம்மோனியாவைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அதன் நஞ்சு பி.எச். அளவோடு ஏறும். 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால், கிட் காட்டும் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்கு கூட நஞ்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் நூற்றில் ஆறேழு பங்கு நஞ்சாகிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியை யோசித்துப் பாருங்கள். கழிவு சேர்ந்து தண்ணீர் புளித்து பி.எச். 6-க்கு இறங்கியிருக்கும். அம்மோனியா நிறைய இருக்கும், ஆனால் கொல்லாத வடிவில். மீன்களும் பழகிப்போய் உயிரோடிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து மனம் கேட்காமல் முக்கால் தொட்டியை இறைத்துவிட்டுப் போர் தண்ணீரை விடுகிறீர்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் 7.5-க்கு மேல். தொட்டியின் பி.எச். சடாரென்று ஏற, மிஞ்சிய அம்மோனியா நஞ்சாக மாறி, ஒரு மணி நேரத்தில் மீன் சரியும். "சுத்தம் பண்ணினதும் செத்துப்போச்சு" என்று வருத்தப்படுபவர்களில் பலருடைய கதை இதுதான். அதனால்தான் கால் பங்குக்கு மேல் ஒரேயடியாக மாற்றாதீர்கள் என்றேன். மோசமான தொட்டியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வாரத்தில் சரி செய்யுங்கள்.

நைட்ரைட் இருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போதும். வேதாரண்யம் கல் உப்பே நன்றாக வேலை செய்யும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். உப்பைத் தனியே கரைத்து, சிறுகச் சிறுக விடுங்கள். அதே நாள் கால் பங்குத் தண்ணீரையும் மாற்றுங்கள்.

எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள்

நகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நமக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். மழை வெள்ளத்துக்குப் பிறகும், மேல்நிலைத் தொட்டி கழுவும் நாளிலும் பிளீச்சிங் பவுடர் கூடுதலாக விழும், மூக்கிலேயே தெரியும். வாய் அகலமான டிரம்மில் 24 மணி நேரம் திறந்து வையுங்கள், உள்ளே ஒரு ஏர் ஸ்டோன் போட்டால் இன்னும் நல்லது. அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டுகள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் காட்டிக் கழுவாதீர்கள், குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரில் பிழிந்தால் போதும்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் பூமிக்குள்ளிருந்து வரும்போது அதில் பிராணவாயு மிகக் குறைவு, கரியமிலவாயு அதிகம். மோட்டார் போட்டு நேரே தொட்டியில் பிடித்தால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். சில இடங்களில் ஒரு மணி நேரத்தில் செம்மண் நிறத்துக்கு மாறும், அது இரும்பு, செவுளில் படியும். அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்தத் தண்ணீரே வேண்டாம். மற்றப் போர் தண்ணீரையும் ஒரு நாள் டிரம்மில் காற்றூட்டி, தெளிந்ததை மட்டும் மேலாக எடுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கக் கடலோரக் கிராமங்களில் போர் உப்புக் கரிக்கும். மோலி அதில் நன்றாகவே வாழும். டெட்ராவை அதில் விட்டால் தாங்காது.

வாய்க்கால் தண்ணீர் மட்டும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து ஜனவரி 28 வரை ஆற்றில் தண்ணீர் ஓடும் காலம்தான் குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் மருந்தடிக்கும் காலம். வயலில் வடிந்தது எல்லாம் வடிகாலுக்கு வரும். சைபர்மெத்ரின் வகை மருந்துகள் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே பல மீன்களைக் கொன்றுவிடும். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீராக இருந்தாலும் அதை நம்ப முடியாது. வாய்க்காலில் வலை போட்டுப் பிடிக்கும் உயிர்த்தீனிக்கும் இதே எச்சரிக்கை: தண்ணீர்ப் பூச்சியும் புழுவும் கொண்டு வந்தால் முதலில் தனி வாளியில் ஒரு கப்பியோடு விட்டு ஒரு நாள் பாருங்கள்.

மழை நீர் நல்லதுதான், ஆனால் கார உப்பு எதுவும் இல்லாததால் அதை மட்டுமே விட்டால் பி.எச். திடீரென்று இறங்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரும் அப்படியே. போர் தண்ணீரோடு கலந்து விடுங்கள்.

புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து பி.எச். எகிறும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டுத் தண்ணீர் கட்டி, சில நாளுக்கு ஒருமுறை மாற்றி, பி.எச். அடங்கிய பிறகே மீன் விட வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் நஞ்சு

டெல்டாவில் கொசு இல்லாத வீடு கிடையாது. கொசுவர்த்தி, பிளக்கில் செருகும் கொசு மருந்து, ஸ்பிரே எல்லாமே பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்து வகை. மனித உடம்பு அதைச் சீக்கிரம் சிதைத்துவிடுகிறது, மீனால் முடிவதில்லை. ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. கொசுவர்த்திக்கு அருகில் பம்ப் இருந்தால் இரவு முழுவதும் அந்தப் புகையைத் தண்ணீருக்குள் நீங்களே செலுத்திக்கொண்டிருக்கிறீர்கள். பம்பை அடுத்த அறையில் வைத்து நீண்ட டியூப் போடுங்கள். தெருவில் கொசுப் புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடி, பம்பை அரை மணி நிறுத்துங்கள். பூச்சிமருந்து என்று சந்தேகம் வலுத்தால் மட்டும் கால் பங்கு விதியைத் தளர்த்தலாம்: பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி பாதி மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் சூடும் பி.எச்.சும் பழையதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும்.

பினாயில் கலக்கிய வாளியைத் தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். தொட்டிக்கென்று ஒரு வாளி, ஒரு சொம்பு, ஒரு டியூப் தனியாக இருக்கட்டும். போகிக்கு வெள்ளையடித்தால் தொட்டியை மூடுங்கள், சுண்ணாம்பு உதிர்ந்தால் பி.எச். ஏறும்.

சூடு, குளிர், புயல்

20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 32 டிகிரியில் ஏழுக்குச் சற்று மேல்தான். அக்னி நட்சத்திரத்தில் மேற்கு ஜன்னலோரத் தொட்டியில் மீன் சாக இது போதும். தொட்டியை நகர்த்துங்கள், மூடியைத் திறந்து தண்ணீர் மேல் படும்படி சின்ன ஃபேன் விடுங்கள். ஐஸ் கட்டியைப் போட்டுச் சூட்டைத் திடீரென்று இறக்க வேண்டாம். மார்கழி இரவில் இதற்கு எதிர்ப்பக்கம்: இரவும் பகலும் நாலைந்து டிகிரி மாறினால் வெள்ளைப் புள்ளி நோய் தொற்றிக்கொள்ளும்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகைக்கு முன் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். நீண்ட நேரம் நின்றுபோன ஃபில்டரை அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நோய்

தண்ணீர் சரியாக இருந்து, உடம்பில் அடையாளமும் இருந்தால் மட்டுமே மருந்து. வெள்ளைப் புள்ளிக்கு லிட்டருக்கு 2 கிராம் உப்பை இரண்டு நாளில் படிப்படியாக ஏற்றி, பத்து நாள் வைத்திருங்கள். நைட்ரைட்டுக்கு முன்பே போட்ட உப்பு இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். செடிகளும் செதில் இல்லாத மீன்களும் உப்பைத் தாங்காது, அவற்றைப் பிரித்துவிடுங்கள். வாயில் பஞ்சு போல வந்து ஓரிரு நாளில் கொல்வது வெயில் காலத்து பாக்டீரியா நோய், அந்த மீனை உடனே தனி வாளிக்கு மாற்றுங்கள். செதில் சிலிர்த்த மீன் பிழைப்பது அரிது. கண்டபடி ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டினால் ஃபில்டரின் பாக்டீரியாவும் செத்து, அம்மோனியாவில் மீதி மீன் போகும்.

எதிலும் விடை கிடைக்காவிட்டால், நாகப்பட்டினத்தில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தலைஞாயிறில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். செத்த மீனைவிட, நோயுள்ள உயிர் மீனைத் தொட்டித் தண்ணீரோடு கொண்டுபோவது அவர்களுக்கு உதவும். செத்ததுதான் இருக்கிறதென்றால் பையில் போட்டு ஐஸ் மேல் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் திசு சிதைந்துவிடும்.

மற்றச் செத்த மீன்களை வாழையடியில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். வளர்க்க முடியாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டன.

புது மீன் வாங்க அவசரப்படாதீர்கள். இரண்டு வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகு நாலு கப்பியோ இரண்டு மோலியோ வாங்கி, தனி டப்பில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவே தீனி, ஒரு நாளைக்கு ஒரு வேளை. மிச்சமிருந்தால் உடனே அள்ளிவிடுங்கள்.